வறுத்த மணல்

துளசிமணியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் மணல் வறுத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, அதில் செங்கல் அடுப்பு, அடுப்பில் பெரிய வடச்சட்டி, சட்டி நிறைய சலித்த ஆற்று மணல். முக்காலியில் உட்கார்ந்து, மடங்காத முழங்கால்களை முன்னால் நீட்டிக்கொண்டு, நீளக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள். நான் சைக்கிளை வெளியே தள்ளும்போது திரும்பிப் பார்க்காமலே, "ஏனுங்க, வரும்போது கடலக்கா வாங்கிட்டு வாங்க. மணலு சூடாத்தான இருக்குது, மிச்சத்துலயே வறுத்துப்போடலாம்," என்றாள். எவ்வளவு என்று கேட்டேன். "உங்க பல்லு எத்தனை தாங்குமோ அத்தனை." நான் சிரித்தேனா என்று நினைவில்லை. அவள் சிரித்திருப்பாள், தோள் குலுங்கின மாதிரி ஒரு ஞாபகம். முகம் வரவில்லை. எத்தனை முறை அந்த இடத்துக்குத் திரும்பிப் போய் நின்றாலும் முதுகுதான் தெரிகிறது. ரவிக்கையில் வியர்வை, கொண்டையில் சொருகிய பென்சில். அது என்னுடைய பென்சில், குழாயில் குறி போடுவது. நான் வீடு முழுக்கத் தேடுவேன், அவள் தலையில் இருக்கும். அப்புறம் கரண்டி சட்டியில் உரசும் சத்தம். அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கேட்டைச் சாத்தினேன்.

அந்த மணல் இப்போது என் மடியில் இருக்கிறது. குழாய்க்குள். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான இரும்புக் குழாய், இரண்டு முனையிலும் வேப்பங்கட்டை அடித்து அடைத்தது. நான் திரும்பி வந்தபோது இது சுவரில் சாய்ந்து நின்றது, வேலை முடிந்த குழாயை நாங்கள் எப்போதும் நிறுத்துகிற மூலையில். அவள் எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், மடியில் மரச்சுத்தியல், தாடை நெஞ்சைத் தொட்டுக்கொண்டு. தூங்குகிறாள் என்று நினைத்தேன். கடலைப் பையைச் சைக்கிளிலேயே விட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, எழுப்பக்கூடாது என்று மெதுவாக நடந்தேன். இன்றைக்கும் கொட்டகைக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிவிடுகிறேன். அது மாசி. இப்போது ஐப்பசி, மழை பிடித்துக்கொண்டிருக்கிறது, தகரத்தில் விட்டுவிட்டுத் தூறுகிறது. குழாய் அப்படியே மூலையில் நின்றது, நான் தொடவில்லை. இன்று சாயங்காலம் பெலிக்ஸ் வருகிறான். தெருமுனையில் வெல்டிங் கடை வைத்திருப்பவன், கேஸ் உருளையும் சுடர் ஊதுகிற குழாயும் அவனிடம் இருக்கின்றன. "எத்தன நாளைக்குங்ணா அக்கா வண்டிய ஒத்தக் கைப்பிடியோட நிறுத்தி வெப்பீங்க? நான் சுட வெக்கறேன், நீங்க வளையுங்க. ஒரு டீ குடிக்கிற நேரந்தான்," என்று காலையில் சொல்லிவிட்டுப் போனான். நான் சரி என்றேன். சரி என்று சொன்னதிலிருந்து இந்தக் குழாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பெலிக்ஸ் வருவதற்குள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளே இருக்கிற மணல் காய்ந்த மணலா, ஈர மணலா.

குழாயைத் தட்டிப் பார்த்தேன். தக். நடுவில் தட்டினால் தக், முனையில் தட்டினாலும் தக். வெறும் குழாய் டங்கென்று கோயில் மணி மாதிரி பேசும். மணல் இறங்க இறங்க அந்தப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கி, கடைசியில் மரத்தில் தட்டினது போல ஆகும். அதுவரை தட்ட வேண்டும். எனக்கு முன்னால் அவளுக்குக் கேட்டுவிடும். "இன்னும் எறங்குதுங்க, தட்டுங்க. தொண்டகிட்ட காலியா இருக்குது," என்பாள். இந்தக் குழாயில் எங்கேயும் காலி இல்லை. ஒரு ஆளாக உட்கார்ந்து நிரப்பி, தட்டி, மேல் கட்டையையும் அடித்து இறுக்கி, மூலையில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாள். நடப்பதற்கே சுவரைப் பிடிக்கிறவள். மணல் இல்லாமல் வளைத்தால் குழாய் கெட்டுவிடும். வளைகிற இடத்தில் வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் சுருங்கும், உள்ளே தாங்க ஒன்றும் இல்லையென்றால் மிதித்த பப்பாளித் தண்டு மாதிரி அங்கேயே அமுங்கி மடிந்துபோகும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கெடுத்துக் கெடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். கொட்டகைக்குப் பின்னால் அப்படி மடிந்த குழாய்கள் ஒரு குவியல் கிடந்தது, அவள் அவரைக்கொடி ஏற்றிவிட்டாள். ஆனால் வளைந்த குழாய் எப்படி இருக்க வேண்டும் என்பது மட்டும் என் கைக்கு முதலிலேயே தெரியும். கண்டக்டராக இருந்த அத்தனை வருஷமும் இந்தக் கை பஸ்ஸில் குழாயைத்தான் பிடித்திருந்தது. படிக்கட்டுக்குப் பக்கத்தில் தரையிலிருந்து எழும்பி, ஆள் நெஞ்சு உயரத்தில் சட்டென்று திரும்பி, சீட்டின் முதுகுக்குள் போய் மறையும் குழாய். ஆயிரம் பேர் பிடித்து வெள்ளியாகிப்போன வளைவு. அதன் உள்பக்கத்தை விரலால் தடவினால் ஒரு சுருக்கம்கூட இருக்காது. எப்படிச் செய்தார்கள் என்று யோசித்துக்கொண்டே தடவுவேன். டிரைவர் பொன்னுரங்கம் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கத்துவார், "யோவ், அந்தக் கம்பியக் கொஞ்சுனது போதும், விசிலடி!" இந்தக் கரூரில் திரும்பின பக்கமெல்லாம் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற பட்டறைகள். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பட்டறைகளுக்கு வெளியே போய் நின்று வேடிக்கை பார்ப்பேன். அவள் போன அன்றைக்கும் அப்படித்தான் நின்றேன். வண்டிக்கு ஒரு இரும்புப் பட்டை வாங்கப் போனவன், அங்கே எந்திரத்தில் குழாய் வளைவதைப் பார்த்து நின்றுவிட்டேன். மணலும் இல்லை, நெருப்பும் இல்லை, எண்ணெய் ஓடும் சத்தம் மட்டும், குழாய் மெழுகு மாதிரி திரும்பிக்கொண்டது. இதைத் துளசியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவள் என்ன சொல்வாள் என்றும் நினைத்தேன். "அப்பிடின்னா எனக்கு வேல போச்சா?"

மழை கொஞ்சம் வலுக்கிறது. நான் உட்கார்ந்திருப்பது அவளுடைய சீட்டில். பழைய ஸ்கூட்டரின் இடப்பக்கத்தில் சேர்த்துக் கட்டிய ஒரு சீட், அதற்கு அடியில் ஒற்றைச் சக்கரம், கால் வைக்க ஒரு சாண் உயரத்தில் பலகை. ஒரு சாணுக்கு மேல் அவளால் கால் தூக்க முடியாது. வாழ்க்கை முழுக்க "ஏறும்மா, சீக்கிரம் ஏறும்மா, உள்ள போ" என்று கத்தினவன் நான். கடைசியில் என் வீட்டுக்காரி பஸ்ஸின் முதல் படியில் கால் வைக்க முடியாமல், கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முழு பஸ்ஸும் பார்க்க நின்றாள். நான் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துத் தூக்கப் பார்த்தேன். மேலேயிருந்து கண்டக்டர், என் மகன் வயசு இருக்கும், எங்களுக்குப் பிள்ளை பிறந்திருந்தால், "ஏத்துறதுன்னா ஏத்துங்க பெரியவரே, டைமாச்சு," என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. நான் இதைவிட மோசமாகச் சொல்லியிருக்கிறேன். துளசி காலைக் கீழே இறக்கிவிட்டு, "போகட்டுமுங்க, அடுத்த வண்டி வரும்," என்றாள். அடுத்த வண்டிக்கும் அதே உயரம்தான் படி. மாயனூர் கதவணையில் தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார்கள், போய்ப் பார்க்கலாம் என்றுதான் கிளம்பியிருந்தோம். ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பினோம், அவள் வழியெல்லாம் கடைகளின் பெயர்ப்பலகையைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தாள், நான் பேசாமல் இருப்பது தெரியக்கூடாது என்று. மறுநாள் நான் காயலான் கடைக்குப் போனேன். இந்தச் சீட்டுக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும் என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். "ஒரு பக்கம் மட்டும் புடி இருந்தா நான் அந்தப் பக்கமே சாஞ்சுக்குவேனுங்க. அப்பறம் வண்டி மாயனூருக்குப் போகாம வட்டமடிச்சுட்டு வாசல்லயே நிக்கும்." இடது கைப்பிடி முடிந்துவிட்டது, இதோ என் முழங்கைக்குக் கீழே. பழைய பஸ் பிரேக் டிரம்மைச் சுற்றி வளைத்தது. அவள் கரி அடுப்புக்கு ஊதுசக்கரம் சுற்றினாள், நான் குழாய் செக்கச்சிவக்கும் வரை காத்திருந்து இழுத்தேன். கொஞ்சம் கூடவே வளைக்க வேண்டும், விட்டதும் குழாய் கொஞ்சம் திரும்பி வரும். அது எவ்வளவு என்று நானும் அவளும் தர்க்கம் செய்வோம். வலது கைப்பிடிதான் என் மடியில் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஊதுசக்கரத்தைச் சுற்ற ஆள் இல்லை. நெருப்பை ஊதிக்கொண்டே குழாயை இழுக்க ஒரு ஆளால் முடியாது. அதனால்தான் பெலிக்ஸ்.

ஈரம். மறுபடியும் அங்கேதான் வந்து நிற்கிறேன். முதல் குழாயை முதல்முதலாக நெருப்பில் வைத்த அன்று நடந்ததை பெலிக்ஸிடம் நான் சொன்னதில்லை. குழாய் நிறம் மாற ஆரம்பித்தது, டப்பென்று ஒரு வெடி, முனைக் கட்டை பிடுங்கிக்கொண்டு பறந்து எதிர்ச் சுவரில் மோதிக் காரையைப் பெயர்த்தது. பின்னாலேயே சுடு மணல் பீய்ச்சிக்கொண்டு வந்தது. நான் நின்ற இடத்துக்கு ஒரு கை தள்ளி. அந்தப் பொக்கை இன்னும் சுவரில் இருக்கிறது, இங்கிருந்தே தெரிகிறது. பக்கத்து வீட்டு மெகருன்னிசா மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். "கண்டக்டர் வீட்டுல இன்னிக்கே தீபாவளியா?" நான் மணலை அள்ளினேன், கட்டி கட்டியாக இருந்தது. "மணல வறுத்தியா இல்லயா?" என்று கேட்டேன். "நல்லா வறுத்தேனுங்க. வறுத்து, கடைசியா உப்புத்தண்ணி தெளிச்சு, மூடி போட்டு..." சொல்லிக்கொண்டு வரும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். கடலை வறுக்கிறவர்கள் மணலில் போட்டு வறுத்து, முடிகிற நேரத்தில் உப்புத்தண்ணீர் தெளித்து மூடி வைப்பார்கள், அப்போதுதான் தோலுக்குள் உப்பு ஏறும். சின்ன வயசிலிருந்து அந்தக் கை அப்படியே பழகியிருந்தது. வடச்சட்டி, மணல், கரண்டி, கைக்கு வேறென்ன தெரியும்? "மணலுக்கு எதுக்கு புள்ள உப்பு?" என்றேன். "கை தானாப் போயிருச்சுங்க!" மெகருன்னிசா விடவில்லை, "அப்படியே ரெண்டு மொளகாயும் கிள்ளிப் போட்டிருக்கலாம் துளசி, கண்டக்டருக்குக் காரமா இருந்தாத்தான் எறங்கும்." மூன்று பேரும் சிரித்தோம், நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். ஈர மணலை அடைத்துச் சுட்டால் ஆவி வழி தேடும். அது எனக்குத் தெரியாமலா இருந்தது? தெரியும். உப்புத்தண்ணீர்தான் தெரியாது. அதற்குப் பிறகு அவள் மணல் வறுக்கும்போது அந்தச் சின்ன டம்ளரைக் கொட்டகைப் பக்கமே கொண்டுவருவதில்லை. உப்பு கரைப்பதற்கென்றே வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர், வாய் ஓரத்தில் ஒரு நசுங்கல். "இது இங்க இருந்தா என் கைய நம்ப முடியாது," என்பாள்.

அந்த டம்ளர் அன்றைக்கு அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. அதை நான் பார்த்தேன். அவளைத் தொட்டு, கூப்பிட்டு, மறுபடி தொட்டு, கத்துவதற்கு முன்னால் அந்த இடைவெளியில் கண் எங்கெங்கோ போனது. சட்டி, கரண்டி, டம்ளர். டம்ளர் நிமிர்ந்து நின்றது, காலியாக. அப்புறம் மெகருன்னிசா வந்தாள், ஆட்கள் வந்தார்கள், டாக்டர் வந்தார். டாக்டர் என் தோளில் கைவைத்து, "ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுங்க. உக்காந்தபடியே தூங்குன மாதிரி," என்றார். அதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன், ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பது போல. வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன், ஒண்ணும் தெரிஞ்சிருக்காதாம். தெரிஞ்சிருக்காதாம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே டம்ளர் வந்து நிற்கும். காரியம் முடிந்து பாத்திரங்கள் அடுக்கப்பட்டபோது அது சமையலறையில் மற்ற டம்ளர்களோடு கவிழ்ந்து கிடந்தது. மெகருன்னிசாவிடம் கேட்டேன், அன்னிக்கு அடுப்புகிட்ட ஒரு டம்ளர் இருந்ததே, கழுவும்போது அதில் உப்பு இருந்ததா என்று. அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. "எத்தன டம்ளருங்க. ஊரே வந்து தண்ணி குடிச்சுது. எத நான் பார்த்தேன்," என்றாள், அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளிடம் எப்படிச் சொல்வது? கடலை நினைப்பில் இருந்தவள், கை தானாகப் போய், உப்புத்தண்ணீரை மணலில் தெளித்திருந்தால், டாக்டர் சொன்னது சரி. பாட்டு முணுமுணுத்துக்கொண்டு, என் பல்லை நினைத்துச் சிரித்துக்கொண்டு, பழைய தப்பையே மறுபடியும் செய்துவிட்டு, மணலை அடைத்துவிட்டு, அசதியாகச் சாய்ந்திருக்கிறாள். அப்படியே போய்விட்டாள். தெளிக்கவில்லை என்றால் அந்த டம்ளரில் வந்தது வெறும் தண்ணீர், அது எங்கே போனது? குடித்திருக்கிறாள். நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பவள், குடி குடி என்று நான்தான் சொம்பைக் கொண்டுபோய் நீட்ட வேண்டும். அப்படிப்பட்டவளுக்குத் தானாகத் தாகம் எடுத்திருக்கிறது. நெஞ்சை என்னவோ செய்திருக்கிறது. வீட்டுக்குள் போய், சொம்பைத் தேடப் பொறுமை இல்லாமல், கைக்கு அகப்பட்ட டம்ளரில் பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்து நடந்து வந்து, குடித்துவிட்டு, கேட்டைப் பார்த்திருக்கிறாள். அப்புறம் மிச்ச வேலையை முடித்திருக்கிறாள்.

அடுப்பு முன்னால் உட்கார்ந்தால் யாருக்கும் தாகம் எடுக்கும். இதையும் நான் சொல்லிக்கொள்ளாமல் இல்லை. என் அப்பா போகும்போது நான்தான் கரண்டியால் தண்ணீர் ஊற்றினேன். முதல் கரண்டி இறங்கியது, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தேன், இரண்டாவது கடைவாயில் வழிந்தது. துளசி பக்கத்தில் நின்று துடைத்துவிட்டாள். "உங்க கையால வாங்கிக்கிட்டாரு, அது போதும்," என்றாள். எங்கள் பக்கத்தில் அதை ஒரு பெரிய விஷயமாகச் சொல்வார்கள். அவள் சாவுக்கு வந்த ஒரு கிழவி, யாரென்றே தெரியாது, கூட்டத்தில் என்னைப் பார்த்து, "தண்ணி குடுத்தியா சாமி?" என்று கேட்டாள். யாரோ அவளை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள். துளசி போகும்போது நான் பட்டறையில் நின்றுகொண்டிருந்தேன், பாட்டி. குழாய் மெழுகு மாதிரி திரும்பிக்கொண்டிருந்தது. வழியில் கடலையும் வாங்கினேன், பேரம் பேசி வாங்கினேன். அந்தப் பை சைக்கிள் கைப்பிடியிலேயே தொங்கி, பனியில் நனைந்து, சணல் ஓட்டை வழியாக முளை எட்டிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. அதை மதில் ஓரம் கொட்டினேன். நாலைந்து செடி வந்தது, ஆடு மேய்ந்துவிட்டது. ஆக, குழாய் வளைக்கிறவன் ஈர மணல் வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கட்டி கட்டியாக, உப்புக் கரிக்கிற மணல். மூடியிருக்கும்வரை எனக்கு வேண்டியது உள்ளே இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம். டாக்டர் சொன்னதும் அப்படியே நிற்கும். மூலையில் திரும்ப நிறுத்திவிட்டு, பெலிக்ஸிடம் இன்றைக்கு வேண்டாம், மழை, என்று சொல்லிவிடலாம். காயலான் கடையில் வேறு குழாய் கிடைக்காமலா போகும்? கிடைக்கும். அதில் யார் மணல் அடைப்பது, நான்தான். அது வேறு கைப்பிடி. இரண்டு பக்கமும் அவள் அடைத்த மணலில் வளைந்ததாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். யாருக்குத் தெரியப்போகிறது? இந்தச் சீட்டில் யார் உட்காரப்போகிறார்கள்? "முடிச்சு வையுங்ணா, எங்க மாமியாள ஏத்திட்டுப் போயி மாயனூர்ல தள்ளிவிட்டுட்டு வாரேன்," என்கிறான் பெலிக்ஸ். அந்த மாமியாருக்கு அவன்தான் தினமும் மாத்திரை எடுத்துக்கொடுக்கிறான்.

பெலிக்ஸின் முகம். அதுதான் என்னை உட்காரவிடாமல் செய்கிறது. அவன் சுட வைக்கும்போது குனிந்து, சுடருக்கு ஒரு முழம் தள்ளி முகத்தை வைத்துக்கொள்வான், இரும்பு நிறம் மாறுவதைக் கண்ணால் பார்த்தால்தான் அவனுக்கு ஆகும். வாயில் மாதாகோயில் பாட்டு. உள்ளே ஈரம் இருந்தால் அந்தக் கட்டை எந்த முனையில் பறக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? எனக்கு வேண்டியது உள்ளே இருந்தால் அவன் முகத்துக்கு ஆபத்து. அவனிடம் சொல்லவும் முடியாது. ஈரமாக இருக்கலாம் பெலிக்ஸ் என்று சொன்னால், "அதுக்கென்னங்ணா," என்று சுத்தியலால் ஒரே தட்டில் கட்டையை எடுத்து, வாசலில் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, வேறு மணல் கொடுங்கள் என்பான். அவனுக்கு மணல் மணல்தான். மழையில் அது சாக்கடையோடு போகும். வெயிலில் வைத்துப் பார்த்திருக்கலாம், எடை போட்டுப் பார்த்திருக்கலாம், இத்தனை மாசமாக இருந்தது. தட்டினால் தக், காதை வைத்தால் ஒன்றும் இல்லை, உலோகத்தின் குளிர்ச்சி மட்டும் காதில் ஏறுகிறது. கட்டையைப் பார்க்கிறேன். வேப்பங்கட்டையை அவளே சீவியிருக்கிறாள், காய் நறுக்குகிற கத்தியால், வெட்டுகள் எல்லாம் சின்னச் சின்னதாக. நடுவில் துளை இல்லை. அந்த வெடிக்குப் பிறகு நான் ஒவ்வொரு கட்டையிலும் ஆணி கனத்துக்கு ஒரு துளை போடுவேன், ஆவி போகட்டும் என்று. துளை போடுவது என் வேலை. அன்றைக்கு நான் இல்லை. துளை மட்டும் போட்டுவிடலாம். அது பார்ப்பதற்காக இல்லை, வேலைக்காக. போட வேண்டியதுதானே? துளை போட்டால் ஈரமாக இருந்தாலும் கட்டை பறக்காது, மணலும் அப்படியே இருக்கும், பெலிக்ஸ் முகத்துக்கும் ஒன்றும் ஆகாது. இதை ஏன் காலையிலிருந்து யோசிக்கவில்லை? யோசித்தேன். யோசித்து, வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டிரில் மெஷின் எட்டுகிற தூரத்திலேயே இருந்தது. குழாயைச் சீட்டுக்குக் குறுக்கே கிடத்தி, கட்டையின் நடுவில் வைத்து அழுத்தினேன். முதலில் மரத்தூள் வந்தது, வேம்பின் கசப்பு வாசனை மூக்கில் ஏறியது. அப்புறம் டிரில் முனை சட்டென்று உள்ளே போனது, மணலில் அரைபடுகிற சத்தம், பல் கூசியது. நிறுத்திவிட்டு முனையை வெளியே எடுத்தேன். ஒன்றும் வரவில்லை. குழாய் படுத்திருந்தது, அதனால் வரவில்லை, ஈரமாக இருந்தாலும் வராது, காய்ந்திருந்தாலும் வராது. அத்தோடு விட்டிருக்கலாம். வேலைக்கு வேண்டியது முடிந்துவிட்டது. மறுமுனைக்குக் கீழே கையைக் கொடுத்துக் கொஞ்சம் தூக்கினேன். ஏன் தூக்கினேன் என்று கேட்டால் கை தானாகப் போனது. ஒரு கணம் ஒன்றும் இல்லை. ஈரம், ஈரம்தான், தெளித்திருக்கிறாள் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்புறம் துளையிலிருந்து ஒரு நூல் புறப்பட்டது. மெல்லிய நூல், அறுபடாமல், சிமெண்டுத் தரையில் விழுந்து ஊசி முனை மாதிரி ஒரு குவியல் எழுப்பிக்கொண்டே இருந்தது. அவள் மாவுச் சல்லடையில் சலித்த மணல், ஒரே பொடி. அதற்குச் சத்தம் இருந்தது, மழை நின்றிருந்ததால் கேட்டது, யாரோ ரகசியம் சொல்வதுபோல ஸ்ஸ் என்று. பெருவிரலை வைத்துத் துளையை அடைத்தேன். அடைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். காய்ந்திருக்கிறது. ஆனால் மாசிக்குப் பிறகு சித்திரை, வைகாசி, இந்தத் தகரத்துக்குக் கீழே முழுக் கோடையும் நின்றிருக்கிறது, கட்டை வழியாகத் தண்ணீர் போயிருக்கலாம். தண்ணீர் போகும். உப்பு எங்கே போகும்? உப்பு போகாது. தெளித்திருந்தால் அது மணலோடு இன்னும் இருக்க வேண்டும். தரையில் இருந்த குவியலைப் பார்த்தேன். ஒரு விரல் நீட்டினால் எட்டும்.

கேட் திறந்தது. பெலிக்ஸ் தள்ளுவண்டியில் உருளையைச் சாய்த்து உருட்டிக்கொண்டு வந்தான், தலையில் ஒரு உரச்சாக்கு. என்னைச் சீட்டில் பார்த்ததும் நின்றான். "ஏனுங்ணா, உக்காந்தாச்சா? டிக்கெட் எடுத்தாச்சுங்களா?" நான் பெருவிரலை எடுக்காமல் அவனைப் பார்த்தேன். அவன் சாக்கை உதறிவிட்டு உள்ளே வந்து, தரையைப் பார்த்து, துளையைப் பார்த்து, குந்தி உட்கார்ந்தான். குவியலிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கு நடுவில் தேய்த்தான், காற்றில் உதிர்த்தான். "அக்கா அடச்சதுங்களா?" ஆமாம் என்றேன். "சுத்தமாக் காஞ்சிருக்குதுங்ணா. இப்படி மணல் எங்க பட்டறைல எவனும் வறுக்க மாட்டான். நீங்க ஓட்ட போடாட்டியும் இதுல ஒண்ணும் ஆயிருக்காது." அவன் அதைப் பாராட்டாகத்தான் சொன்னான். "அந்த ஓட்டைய மேல பார்த்தாப்புல திருப்பிக்கலாம், கொட்டாது. விரல எடுங்க, நான் புடிக்கறேன்." அவன் பிடித்துக்கொண்டான். நான் சீட்டிலிருந்து இறங்கினேன், அந்த ஒரு சாண் பலகையில் கால் வைத்து. குனிந்து, ஆள்காட்டி விரலை எச்சிலில் நனைத்து, குவியலைத் தொட்டேன். "என்னங்ணா இது, மண்ணப் போயி..." என்று பெலிக்ஸ் ஆரம்பித்தவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். விரலை நாக்கில் வைத்தேன். வாயை மூடிக்கொண்டு, எச்சில் ஊறும்வரை காத்திருந்தேன். கொஞ்சம் பல்லில் கடிபட்டது. சுவரில் அந்தப் பொக்கை, அதற்குக் கீழே அவள் சாய்ந்திருந்த இடம், அதற்கு நேரே கேட். தரையில் ஒரு கைப்பிடி மணல், மிச்சமெல்லாம் குழாய்க்குள். அதில் உப்பு இல்லை.